ரெஃப்ரி வீட்டு லினக்ஸ்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். கண்ணாடிக்காரர் விஷயத்தில் ஒரே ஒரு பொய்தான். அதையும் அவர் சொல்லவில்லை, அவருக்காகப் பல் டாக்டர் சொல்லிவிட்டாள். ஆனால் சொன்ன அந்த ஒன்று, சொல்லாத தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கும் சேர்த்து வேலை வைத்தது.

"அப்பா, அவருக்கு லினக்ஸ் தண்ணி பட்ட பாடு." இவ்வளவுதான் அவள் சொன்னது.

கண்ணாடிக்காரருக்கு லினக்ஸ் என்றால் மாத்திரையா மருந்தா என்றுகூடத் தெரியாது. கடைத்தெரு முனையில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை அவருடையது. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இனிமேல் நமக்கு எங்கே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மாலையானால் கண்ணாடி அலமாரியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதர். அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் பல் டாக்டர் வந்தாள், வாய்க்குள் பார்க்க வசதியாக ஒரு பூதக்கண்ணாடி வேண்டுமென்று. அவளுக்கும் நாற்பது எட்டிப் பார்க்கிற வயதுதான். அவர் அவளை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கில் அந்த வட்ட வட்டச் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுக்கு முன்னாடி போட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவள் சொன்னாள்: "ஏங்க, ரெண்டும் ஒண்ணுதான். ரொம்ப நேரமா ஒரே கண்ணாடியைத்தான் கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க."

"ஆமா," என்றார் கண்ணாடிக்காரர். காது வரைக்கும் சிவந்துவிட்டது. "டீ சொல்லவா?"

அப்படி ஆரம்பித்தது. சில மாதங்களில் ஒருத்தரை விட்டு ஒருத்தர் இருக்க முடியாது என்கிற அளவுக்கு முற்றிவிட்டது. ஆனால் அவள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். "எனக்கு யார் சம்மதமும் தேவையில்லை. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் நாம அந்த வீட்டுலதான் அப்பாவோட இருக்கப் போறோம். அவர் வாயால சரின்னு வரணும். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்ட மனுஷனுக்கு எதிர்ல உட்கார்ந்து தினமும் என்னால டீ குடிக்க முடியாது. அவர் வேண்டாம்னா, இது இத்தோட நின்னுடும். சொல்லிட்டேன்."

அந்த அப்பா ஓய்வு பெற்ற கால்பந்து ரெஃப்ரி. ஓய்வு ஆட்டத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. கழுத்தில் விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்போதும் தயார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காகச் சொந்த மகளுக்கே மஞ்சள் காட்டியவர். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிவப்பு காட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் இந்தப் பக்கமே வருவதில்லை. காட்டிய அட்டையை ரெஃப்ரி திரும்ப வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

மைதானத்தில் இப்படி இரும்பாக இருந்தவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வெண்ணெயாக உருகிவிடுவார். திரையில் எது வந்து எதைக் கேட்டாலும் 'சரி' என்று அமுக்கிவிடுவார். அப்படி அமுக்கி அமுக்கி, வேண்டாத விருந்தாளிகளெல்லாம் உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் படித்து முடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் கடைக்காரன் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "பெட்டி ரொம்பப் பழசு சார். இதுல இருக்கிற பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராது. புதுசு இந்தப் பெட்டியில ஏறாது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

"முட்டி வலிக்குதுன்னா ஆட்டக்காரனையே தூக்கிப் போடுவியாடா?" என்று அவனுக்கும் ஒரு மஞ்சள் கிடைத்தது.

பெட்டி தாமதமாக எழுவதில் ரெஃப்ரிக்கு ஒரு பெரிய நஷ்டம் இருந்தது. ஞாயிறுதோறும் நாலைந்து பழைய ரெஃப்ரிகள் வீடியோவில் கூடி, பழைய ஆட்டங்களை அலசித் துவைத்துக் காயப்போடுவார்கள். அதில் ஒருவர் கொடி மாமா. எல்லைக் கோட்டில் கொடி பிடித்து ஓடியவர், ரெஃப்ரிக்குப் பால்ய சிநேகிதர், அதனாலேயே பரம விரோதி. பல வருஷங்களுக்கு முன் ஒரு இறுதி ஆட்டத்தில், முடியப் போகிற நேரத்தில் விழுந்த கோலுக்குக் கொடி மாமா 'ஆஃப்சைடு', பந்து கிளம்பும்போதே அடித்தவன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றான் என்று கொடியைத் தூக்கினார். சிநேகிதன் கொடி பொய் சொல்லாது என்று நம்பி ரெஃப்ரி கோலை ரத்து செய்தார். அன்றைக்கு ஜனங்கள் அவரைத் துரத்திய துரத்தலில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் ஒளிந்துகொண்டு, இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கொடி தப்பு என்று அவருக்குப் பிறகு சந்தேகம் வந்துவிட்டது. கொடி மாமாவோ இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கொடி மாமா சமீபத்தில் விண்டோஸை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஓடுகிற இலவச லினக்ஸுக்கு மாறிவிட்டார். அவருடைய பெட்டியும் பழசுதான், ஆனால் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடுகிறதாம். ஞாயிறானால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் தன் கட்சிக்கு வசதியாகச் சொல்லி முடித்துவிடுவார். ரெஃப்ரி மூச்சு வாங்க வந்து சேரும்போது தீர்ப்பே எழுதியாகியிருக்கும். "இன்னும் அந்த விண்டோஸைத்தான் உருட்டிக்கிட்டிருக்கியாடா?" என்று விசாரிப்பு வேறு. அதைக் கேட்டால் ரெஃப்ரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட வேளையில்தான் அவர் மகளைக் கேட்டார்: "கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுறதைத் தவிர அந்த ஆளுக்கு வேற என்ன தெரியும்?" அவள் வாயில் அந்தப் பொய் வந்து உட்கார்ந்துகொண்டது.

ரெஃப்ரி நிமிர்ந்தார். "அப்படியா! அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. மீட்டிங்குக்கு முன்னாடி என் பெட்டியை எழுப்பட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

பழைய கதைகளில் வில்லை வளைத்தவனுக்குப் பெண் கொடுத்தார்கள். நம் ஆளுக்குத் தெரிந்த வில்லை, மூக்கில் மாட்டுகிற வில்லைதான்.

"ஏன் டாக்டர் இப்படிப் பண்ணீங்க?" என்று போனில் அலறினார்.

"வாயில வந்துடுச்சு. ஒரு வாரம் இருக்கே, கத்துக்கோங்க."

கற்றுக்கொண்டார். அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் கடைத்தெருவே சொல்லும். திங்கட்கிழமை பயந்து பயந்து கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினார். செவ்வாய்க்கிழமை சத்தம் வரவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார், ஸ்பீக்கர் ஒயரை மாட்டவில்லை என்று புதன்கிழமை கண்டுபிடித்தார். வியாழக்கிழமை பிரிண்டரைச் சொருகியதும், யாரும் எதுவும் சொல்லாமலே அது தானாக அவரைப் புரிந்துகொண்டு சீட்டு அடித்துக் கொடுத்தது. மனிதர் பிரிண்டருக்கு முத்தம் கொடுத்ததை எதிர்க் கடைப் பூட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது. கண் சோதிக்க வந்தவர்களிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லுவதை விட்டுவிட்டு, "நீங்க என்ன வெச்சிருக்கீங்க, விண்டோஸா?" என்று ஆரம்பித்தார். கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம், எல்லாம் இலவசம், யாரும் எதற்கும் பணம் கேட்பதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு பெரியவர் கண்ணாடியும் அப்படித்தானா என்று கேட்டுவிட்டார்.

அவரை மிகவும் மயக்கியது ஒரு விஷயம். லினக்ஸைப் பெட்டியில் ஏற்றாமலே, ஒரு பென் டிரைவில் வைத்துச் சொருகி ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் ஏற்றலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், பெட்டியில் உள்ள பழையது பழையபடியே இருக்கும். "டாக்டர், இது நம்ம சோதனைச் சட்டமேதான்!" என்று போனில் குதித்தார். "மாட்டிப் பார்த்துட்டு, தெளிவா இருந்தா அப்புறம் கண்ணாடி போட்டுக்கலாம்!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வகை லினக்ஸைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தேய்த்த சட்டையும், பையில் மூன்று பென் டிரைவுமாகப் போய் நின்றார். ரெஃப்ரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷூவைக் கழட்டிட்டு வாங்க. கழட்டாம உள்ள வந்தா மஞ்சள்," என்றார். பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, விசிலை வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பல் டாக்டர் சுவரோடு சாய்ந்து நகத்தைக் கடித்தாள். ஊருக்கெல்லாம் நகம் கடித்தால் பல் தேயும் என்று சொல்கிறவள் அவள்.

முதலில் பெட்டியைப் பென் டிரைவிலிருந்து கிளப்ப வேண்டும். அதற்கு எந்தப் பொத்தான் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். கண்ணாடிக்காரர் எந்தச் சாமியாவது கேட்காதா என்று எல்லாச் சாமியையும் கூப்பிடுகிற மாதிரி மேல் வரிசைப் பொத்தான்களை ஒன்று விடாமல் தட்டினார். ஏதோ ஒரு சாமி கேட்டது. பெட்டி எழுந்தது. ரெஃப்ரி டீக்கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சி முடிப்பதற்குள் திரை பளிச்சென்று வந்து நின்றது.

"வந்துடுச்சா?" ரெஃப்ரிக்கு நம்பிக்கை வரவில்லை. "சுத்தவே இல்லையே?"

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரருக்குத் தன் கடையிலேயே இருப்பது போல ஆகிவிட்டது. ஒரு பென் டிரைவைப் போட்டுக் காட்டினார், அணைத்து, அடுத்ததைப் போட்டுக் காட்டினார். "இது தெளிவா இருக்கா சார், இல்ல இதுக்கு முன்னாடி போட்டதா?" "முன்னாடி போட்டது கொஞ்சம் பரவாயில்ல. இதுல கீழ இருக்க வேண்டிய பொத்தான் பட்டியெல்லாம் மேல போய் உட்கார்ந்திருக்கு." "சரி சார், இப்போ?" மூன்றாவதைப் பார்த்ததும் ரெஃப்ரி விசிலை ஊதினார். "நிறுத்துங்க! இதுதான். பழைய இடத்துலயே எல்லாம் இருக்கு. இதையே ஏத்திடுங்க."

பல் டாக்டர் நகத்தை விட்டாள். ஆனால் ஏற்றத் தொடங்குவதற்குள் மீட்டிங் நேரம் வந்துவிட்டது. "முதல்ல மீட்டிங்," என்றார் ரெஃப்ரி. "பென் டிரைவிலிருந்தே ஓடட்டும்."

போனார். முதல் ஆளாகப் போனார்! ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். என்றைக்கும் முந்துகிற கொடி மாமா அன்றைக்கென்று கடைசி ஆளாக வந்து, ரெஃப்ரியைக் கண்டு, "என்னடா, ராத்திரியே பெட்டியைப் போட்டு வெச்சுட்டியா?" என்றார்.

"லினக்ஸுடா!" என்றார் ரெஃப்ரி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை ஞாயிறு காத்திருந்தாரோ. அடுத்த மூச்சிலேயே அந்த இறுதி ஆட்டத்தை எடுத்தார். இன்றைக்கு முதல் பேச்சு அவருடையது. கோல் போட்டவன் எங்கே நின்றான், எங்கே ஓடினான், பந்து எப்போது காலை விட்டுக் கிளம்பியது என்று புட்டுப் புட்டு வைத்தார். கொடி மாமா நெளிந்தார். ரெஃப்ரி பரவசத்தில் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, "பாருங்க, அவன் திருட்டு முழி முழிக்கிறதுகூடத் தெரியுது. அவ்வளவு தெளிவா இருக்கு!" என்றார்.

தெளிவா இருக்கு.

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டால் கண்ணாடிக்காரரின் கை அவரைக் கேட்காது. கடை திறந்த நாளிலிருந்து பழகிய கை. தெளிவாக இருக்கிறது என்று ஆள் சொன்னதும் சோதனைச் சட்டத்தை மூக்கிலிருந்து உருவிவிட வேண்டும், அதோடு சோதனை முடிந்தது. கை போயிற்று. உருவிற்று. குனிந்து பார்த்தால் பென் டிரைவ் அவர் உள்ளங்கையில் இருக்கிறது.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. ரெஃப்ரி திரைக்குத் திரும்பி, விரலை நீட்டி, "இப்போ சொல்லுடா. அது ஆஃப்சைடா?" என்று கேட்டார். கேட்டு வாயை மூடினார். அவ்வளவுதான். திரையில் எல்லாரும் கல்லாகிவிட்டார்கள். ஓரத்துச் சின்னக் கட்டத்தில் ரெஃப்ரியும், நீட்டிய விரலும் உருட்டிய விழியுமாக அப்படியே உறைந்து போனார்.

"என்ன ஆச்சு?" என்றார் நிஜ ரெஃப்ரி.

கண்ணாடிக்காரர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மறைக்கத் தெரியாத மனிதர்.

ரெஃப்ரி எழுந்தார். முகம் தக்காளிப் பழமாகச் சிவந்தது. "இத்தனை வருஷத்துல முதல் தடவையா அவனை மடக்கினேன். பதில் வர்ற நேரத்துல பிடுங்கிட்டீங்களே!" சட்டைப் பைக்குள் கை போனது. சிவப்பு அட்டை கண்ணாடிக்காரரின் மூக்குக்கு நேரே உயர்ந்தது. "வெளிய."

கண்ணாடிக்காரர் வாசல் படிக்கு வந்து உட்கார்ந்தார். ஷூ எது கால் எது என்று தெரியவில்லை. பின்னாலேயே வந்த பல் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க டாக்டர். என் வாழ்க்கையே போச்சு."

"அதை ஏங்க உருவுனீங்க?"

"தெளிவா இருக்குன்னு சொன்னாரே!"

அவள் மறுபடியும் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா காட்டின அட்டையை இதுவரைக்கும் மாத்தினதே இல்ல," என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. ஒரு ஷூவை மாட்டிவிட்டு அடுத்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது.

அப்போது உள்ளே போன் அடித்தது. மைதானக் கூச்சலைக் கேட்டுக் கேட்டு ரெஃப்ரிக்குக் காது கொஞ்சம் மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். கொடி மாமாவின் குரல் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்டது.

"போதும்டா! அப்படி முறைக்காதடா! நானும் பார்க்கிறேன், விரலை நீட்டினவன் நீட்டினபடியே இருக்கே, கண்ணைக்கூட இமைக்கலை. ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், அப்பவும் முறைக்கிறே. மறுபடியும் சொல்றேன், நிம்மதியா? அது ஆஃப்சைடு இல்ல!"

உள்ளே ரெஃப்ரி நாற்காலியில் பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது.

"எனக்கு அப்பவே தூரத்துல எதுவும் சரியாத் தெரியாதுடா. கண்ணாடி போடணும்னாங்க. போட்டா கொடியைப் பிடுங்கிடுவாங்களோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூடச் சொல்லல. மன்னிச்சுக்கடா."

"பவர் எவ்வளவு?" என்று கண்ணாடிக்காரர் படியிலிருந்தே கத்திவிட்டார். பழக்க தோஷம். பல் டாக்டர் அவர் வாயைப் பொத்தினாள்.

"வைடா," என்றார் ரெஃப்ரி. "நாளைக்கு வீட்டுக்கு வா." பிறகு ஒரு நீண்ட விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்தால் ஊதுகிற விசில். அதை அவர் அந்த இறுதி ஆட்டத்தில் ஊதாமலே ஓடி வந்திருந்தார்.

வாசலுக்கு வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் மைதானக் குரல்தான்.

"ஷூ போட்டாச்சா?"

"ஒரு கால்தான் சார்."

"கேட்டைத் தாண்டினீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ ஆட்டம் இன்னும் திரும்ப ஆரம்பிக்கல. ஆரம்பிக்கிற வரைக்கும் ரெஃப்ரி தன் முடிவை மாத்திக்கலாம். விதியிலேயே இருக்கு. சிவப்பு வாபஸ்."

வேறு யாராக இருந்தாலும் இத்தோடு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பிழைத்திருப்பார்கள். கண்ணாடிக்காரரால் முடியவில்லை. "சார், ஒரு நிமிஷம்," என்று ஷூவோடு கை கூப்பினார். "எனக்கு லினக்ஸ் தெரியாது சார். போன வாரம் வரைக்கும் கடையில விண்டோஸ்தான். தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். பொய்யை வெச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வர எனக்கு மனசு வரல."

பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான்பா சொன்னேன். அவர் சொல்லல."

ரெஃப்ரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிபடாமலே அடிபட்ட மாதிரி நடிச்சு விழுந்தா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

தெரியாது என்று கண்ணாடிக்காரர் தலையாட்டினார். ரெஃப்ரி பைக்குள் கைவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினார். அவருக்கு ஒரு தடவை, மகளுக்கு ஒரு தடவை.

"மஞ்சள்னா என்ன சார் அர்த்தம்?" என்று கண்ணாடிக்காரர் பயந்துகொண்டே கேட்டார்.

"மஞ்சள்னா எச்சரிக்கை. ஆனா ஆளு ஆட்டத்துலதான் இருக்காருன்னு அர்த்தம்." ரெஃப்ரி கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க மாப்பிள்ளை. வந்து அதை மறுபடியும் சொருகி, இந்தத் தடவை நிரந்தரமா ஏத்துங்க."

மாப்பிள்ளை! கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவினார். பாதிக் கூடம் கடந்த பிறகுதான் பின்னால் சட்டைப் பையின் சரசரப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மாமனாரின் பார்வை அவர் வலது காலில் இருந்த ஷூவின் மேல்.

"அப்பா, வேண்டாம்ப்பா! ரெண்டாவது மஞ்சள்னா சிவப்பு!" என்று அலறினாள் பல் டாக்டர். மாப்பிள்ளை உதறிய உதறலில் ஷூ ஜன்னல் வழியாகப் பறந்துபோய்த் தெருவில் விழுந்தது. ரெஃப்ரி அதையே ஒரு கணம் பார்த்துவிட்டு, "கோல்," என்றார்.